ஏறும் முன் எழுதவும்

பொலோனியா, இத்தாலி
2 ஜூலை 2009, வியாழன்

என் அன்பு மகள் ஸ்மரந்தாவுக்கு,

நான் நலம். நீயும் பெரியம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். பார்சல் வேன் ஓட்டும் தோரினிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே காபித்தூள், பாலாடைக்கட்டி, உனக்கு ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ. ஊர் சுற்ற உதவும்.

நீயும் உன் தோழி ஒதிலியாவும் ரயில் பாஸ் எடுத்து நான்கைந்து நாடு போகிறீர்கள் என்று பெரியம்மா எழுதியிருந்தாள். பாஸில் இத்தாலியும் உண்டாம். இந்த நாட்டில் பாதித் தண்டவாளம் பொலோனியாவுக்கு வந்துதான் பிரிகிறது. நீ எங்கே போனாலும் இங்கே ரயில் மாற வேண்டியிருக்கும்.

எனக்கு வியாழன் பிற்பகல் விடுமுறை, இரண்டிலிருந்து ஏழு வரை. நிலைய வாசலில், நின்றுபோன கடிகாரத்துக்குக் கீழே இருப்பேன். அது எப்போதும் பத்து இருபத்தைந்துதான் காட்டும். தாமதமாகிவிட்டது என்று நினைத்துவிடாதே.

நான் பார்த்துக்கொள்ளும் சிஞோரா இனெஸ் படுக்கையிலேயே இருக்கிறார். நீ வரலாம் என்று சொன்னேன். "கூட்டிட்டு வா. அவ அம்மாவைத்தானே நான் வச்சிட்டிருக்கேன்" என்றார். எண்பத்தொன்பது வயதிலும் நாக்கு மட்டும் தேயவில்லை.

மகளே, நான்கு வருடமாயிற்று உன்னைப் பார்த்து. அன்று கோபத்தில் பேசியதெல்லாம் இருக்கட்டும். ஒரு வியாழன்தான் கேட்கிறேன்.

தேவமாதா உன்னைக் காக்கட்டும்.
உன் அம்மா,
அக்லயா

*

லுப்லியானா
14 ஜூலை

ஷூ ஓர் அளவு சிறியது. பின்பக்கத்தை மிதித்துப் போட்டுக்கொள்கிறேன்.

பாஸ் என்பது ஓர் அட்டை, அதோடு மடித்த ஒரு தாள். தாளில் வரி வரியாகக் கட்டங்கள். தேதி, நேரம், எங்கிருந்து, எங்கே. மேலே அச்சடித்திருக்கிறது: ஏறும் முன் எழுதவும். பேனாவால்.

ஒதிலியா ஒரு வரியில் தேதி போட மறந்துவிட்டாள். எல்லை தாண்டியதும் பரிசோதகர் வந்தார்.

"தேதி எங்கேம்மா?"

"இன்னைக்குத்தான் சார். வேற என்னைக்கு?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தாளுக்குத் தெரியுமா? தேதி இல்லாத வரி எனக்கு வெறும் தாள். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கு."

அவள் அழுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டாள். தன் பேனாவையே கொடுத்து எழுதவைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விரைவு ரயிலில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் கட்டணம். அதனால் ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும் ரயில்களாகப் பார்த்து ஏறுகிறோம். பெரியம்மா கொடுத்த ஸகுஸ்கா காய்கறித் தொக்கும் ரொட்டியும்தான் சாப்பாடு. மலைகள் மெதுவாகப் போகின்றன. எனக்கு இந்த வேகம் போதும்.

வியாழனைப் பற்றி இப்போது சொல்ல முடியாது.

ஸ்மரந்தா

*

ரிமினி
20 ஜூலை (அஞ்சலட்டை)

கடல். கூட்டம். பொலோனியாவைத் தொடாமலும் போகலாம். ஃபெராராவில் மாறி, ரவென்னா வழியாகக் கடலோரத் தடம் இருக்கிறது. அப்படித்தான் வந்தோம். திரும்புவதும் அப்படித்தான். காத்திருக்க வேண்டாம்.

ஸ்மரந்தா

*

பொலோனியா
24 ஜூலை, வெள்ளி

அன்பு மகளுக்கு,

ஊர் திரும்பியதும் இதைப் படிப்பாய் என்று வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன்.

உன் அட்டை வந்தது. இரண்டு கடிதத்திலும் "அம்மா" என்று தொடங்கவில்லை நீ. கவனிக்காதவள் என்று நினைக்காதே.

காத்திருக்க வேண்டாம் என்றாய். ஆனாலும் போனேன். அட்டை வருமுன் பதினாறாம் தேதி போனேன், அது வந்த பிறகு நேற்றும் போனேன். நேற்று விடியுமுன் எழுந்து, முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி மடித்து வேகவைத்து, தகரப்பெட்டியில் எடுத்துக்கொண்டேன். பரஸ்கீவா துணைக்கு வந்தாள். அவளும் நம் பக்கத்துக்காரி, அடுத்த தெருவில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். "ஏன்டி, வரலைன்னு எழுதின பொண்ணுக்காக யாராவது சமைப்பாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பாதியை அவள் தின்றாள்.

ஒரு வேடிக்கை கேள். நாலரை மணி இருக்கும். நீளமான ஜடை போட்ட ஒரு பெண், முதுகில் பெரிய பை, வாசலில் வந்து நின்றாள். நீதான் என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன். போலந்துப் பெண். பாவம், பயந்துபோய்ப் பிறகு சிரித்துவிட்டாள். மிச்சத்தை அவளிடம் கொடுத்தேன். உன் பங்குதான்.

ஈஸ்டருக்கு வரப் பார்க்கிறேன்.

உன் அம்மா,
அக்லயா

*

பஷ்கனி
6 ஆகஸ்ட்

பயணம் முடிந்து வீடு வந்தேன். பாஸ் தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஆறாம் வரி, எட்டாம் வரி, பதினோராம் வரி. பார்.

16 ஜூலை: வெனிஸ் – பொலோனியா – ஃப்ளோரன்ஸ். காலை பதினொன்று. நாற்பத்திரண்டு நிமிடம் நடைமேடையில். வெளியே வரவில்லை.

19 ஜூலை: ஃப்ளோரன்ஸ் – பொலோனியா – ரிமினி. இருபது நிமிடம்.

23 ஜூலை: ரிமினி – பொலோனியா – வெரோனா. வந்தது 4.10. கிளம்பியது 5.35.

கடலோரத் தடம் உண்மை. நாங்கள் அதில் போகவில்லை.

23ஆம் தேதி ஒதிலியா என் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "போடி. போய்ப் பார்த்துட்டு வா. கடிச்சுத் தின்னுடவா போறாங்க?" வெளியே வந்தேன். நீ கடிகாரத்துக்குக் கீழே இருந்தாய். மடியில் தகரப்பெட்டி.

உன் முன்னால் நடந்தேன். பத்தடி தூரம். நீ நிமிர்ந்து பார்த்தாய். பார்வை என்மேல் நின்றது. பிறகு எனக்குப் பின்னால் வந்த ஆளிடம் போயிற்று.

திரும்பி இன்னொரு முறை நடந்தேன். அப்போதும் பார்த்தாய்.

பிறகு அந்தப் பெண் வந்தாள். நீ ஓடியதைப் பார்த்தேன். அவள் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். அவள் பதினேழு வயதில் இருந்த என்னைப்போல இருந்தாள். எனக்கு இப்போது முடி காதுவரைதான். கண்ணாடி போட்டு இரண்டு வருடம். ஷூவை மிதித்துப் போட்டிருந்தேன், நீ அனுப்பிய ஷூ.

கூப்பிட்டிருக்கலாம். என்னவென்று கூப்பிடுவது என்று யோசித்தேன். அதற்குள் 5.35 ஆகிவிட்டது.

ஸ்மரந்தா

*

பொலோனியா
21 ஆகஸ்ட்

மகளுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாயிற்று. தினமும் எழுத உட்கார்ந்தேன்.

கண்ணாடி போட்டதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பேசாமல் பார்த்துவிட்டுப் போக யாரிடம் கற்றாள் இவள் என்று கோபம் வந்தது. பிறகு நினைவு வந்தது. உனக்குப் பத்து வயது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில்தான் நான் இத்தாலிக்கு வேன் ஏறினேன். வேன் பள்ளி வழியாகத்தான் போயிற்று. நீ மைதானத்தில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாய். நிறுத்தச் சொல்லவில்லை நான்.

தாளைத் தினமும் பார்க்கிறேன். சிஞோரா இனெஸ் கேட்டார், படித்துக் காட்டினேன். "என் மருமகளை ஒரு மாசம் வரச் சொல்றேன். அவளும் கொஞ்சம் இந்த அழுக்கைத் துடைக்கட்டும். நீ போ" என்றார்.

தாளில் கடைசி வரி காலியாக இருந்தது. அதில் என் கையால் எழுதிவிட்டேன்: பொலோனியா – பஷ்கனி. உன் பாஸில் நான் ஏற முடியாது என்று தெரியும். ஆனாலும் எழுதினேன்.

தேதிக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன். பதினொரு வருடமாக ஈஸ்டர் என்றேன், கிறிஸ்துமஸ் என்றேன். போன கடிதத்தில்கூட. நான் சொன்ன தேதிகளில் மூன்றுதான் உண்மையாயின. இன்னொன்றை எழுதிப் பொய்யாக்கக் கை வரவில்லை.

தாளை உனக்கே அனுப்புகிறேன்.

அக்லயா

*

பஷ்கனி
3 செப்டம்பர்

அம்மா,

தேதி இல்லாத வரி வெறும் தாள். தோரினிடம் திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன். பேனாவால் எழுது.

கூட ஒரு புகைப்படம். போன வாரம் எடுத்தது. பார்த்து வைத்துக்கொள்.

ஸ்மரந்தா