'முடியாது' என்று சொல்ல ஓர் ஆள்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணிக்கு முதுகுவலி தேவலையா? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் காரியம் பேச ஆரம்பித்ததும் நீ "இரு, அண்ணிகிட்ட குடுக்கறேன்" என்று நழுவிவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது.

வாடகை ஏறிவிட்டது. மின்கட்டணமும் ஏறிவிட்டது. எங்கள் கட்டடத்தில் ஏறாமல் இருப்பது லிஃப்ட் ஒன்றுதான். மூன்று மாடியும் படிதான் இப்போது.

பல் டாக்டரம்மா சாயங்காலமும் வந்து வரவேற்பு மேசையில் உட்காரச் சொல்கிறார். உட்கார்ந்தால் சம்பளம் கூடும். சம்பளம் கூடினால் ஊனத்துக்காக அரசு தரும் உதவித்தொகை குறையும். சாண் ஏறினால் முழம் சறுக்கும் கதை. அரைநாள் வேலையும் உதவித்தொகையும் சேர்ந்துதான் இந்த வீட்டைத் தாங்குகின்றன. இரண்டில் ஒன்று போனாலும் சாவியைக் கொடுத்துவிட்டு உன் வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

உதவித்தொகை அலுவலகத்தில் இப்போது எல்லோரையும் மறுபடி விசாரிக்கிறார்கள். என் இடது கையும் காலும் பிறந்ததிலிருந்தே இப்படித்தான், நடுவில் மனம் மாறிவிடவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டு ஆள் ஒருவரிடமும் பேச வேண்டுமாம். உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். உள்ளதைச் சொல், போதும்.

உன் தங்கை


மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணிக்குத் தேவலை. நேற்று கிடங்கில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது உதவித்தொகை அலுவலகத்து அம்மா கூப்பிட்டார். நல்ல மாதிரியாகப் பேசினார். "உங்க தங்கச்சி தன் வேலையைத் தானே பார்த்துக்கறாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? மூணு மாடி சர்ருனு ஏறுவா. ஒத்தக் கையால பத்துப் பேருக்குச் சமைப்பா. இதுவரைக்கும் யார்கிட்டயும் ஒரு உதவின்னு போய் நின்னதில்ல" என்றேன். "ரொம்ப சந்தோஷம் சார்" என்று வைத்துவிட்டார்.

இனி உனக்குக் கவலை இல்லை. அம்மா இருந்திருந்தால் என் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பாள்.

அன்புடன்,
அண்ணா


ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். காரணம் ஒரே வரி: "குடும்பத்தாரின் கூற்றுப்படி இவருக்குப் பிறர் உதவி தேவைப்படவில்லை." அந்த அம்மா ஏன் சந்தோஷப்பட்டார் என்று இப்போது புரிகிறதா?

எனக்குக் கோபம்தான். மறைப்பானேன். பத்துப் பேருக்கு நான் எப்போது சமைத்தேன்? பத்துப் பேர் என் வீட்டுக்கு எப்போது வந்தார்கள்?

வேறு வழியில்லாமல் சாயங்காலமும் போகிறேன். போன வியாழக்கிழமை பல் அச்சு வைத்திருந்த தட்டைக் கை நழுவவிட்டது. மாவுக்கட்டு மாவில் வார்த்த அச்சுகள் அவை. நாலு பேருடைய பற்கள் தரையில் சிதறிவிட்டன. டாக்டரம்மா திட்டவில்லை. "பரவாயில்லம்மா" என்றார். அந்தப் 'பரவாயில்லை' இன்னும் எத்தனை நாள் வரும் என்று தெரியவில்லை. இரவு வீட்டுக்கு வந்தால் கால் என்னுடையது மாதிரியே இல்லை.

மேல்முறையீடு செய்திருக்கிறேன். மாத முடிவுக்குள் நீ அந்த அம்மாவைக் கூப்பிட்டு, என்னால் முடியாததை எல்லாம் சொல்ல வேண்டும். எண் கீழே இருக்கிறது.

தங்கை


ஏப்ரல் 13

அன்புள்ள வாயாடிக்கு,

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது. அண்ணி இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. எண்ணை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று முறை உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. வெளியாட்கள் முன்னால் 'அவளால் முடியாது' என்று சொன்னால் அம்மாவிடம் கரண்டியால் வாங்குவோம், நினைவிருக்கிறதா? இத்தனை வருடம் சொல்லாத வார்த்தையை முன்பின் தெரியாத ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

ஒன்று சொல்கிறேன், கேள். அலுவலகமும் வேண்டாம், முறையீடும் வேண்டாம். இங்கே வந்துவிடு. மகன் விடுதிக்குப் போனதிலிருந்து அவன் அறை சும்மாதான் கிடக்கிறது. அண்ணிக்கும் முழுச் சம்மதம். உனக்கு ஒரு வேளைச் சோறு போட எனக்கு வக்கில்லையா?

அண்ணா


ஏப்ரல் 18

அண்ணாவுக்கு,

சோறு போடுவாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணியும் தங்கமானவர்கள்.

ஆனால் உன் வீட்டில் காலையில் கண்விழித்தது முதல் 'என்னால் முடியும்' என்று நான் நடிக்க வேண்டும். நீயும் நம்புவதுபோல் நடிப்பாய். இங்கே கதவைச் சாத்திவிட்டால் தரையில் உட்கார்ந்து வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு போகலாம். பாட்டில் மூடியைப் பல்லால் திறக்கலாம் (பல் டாக்டரம்மாவிடம் சொல்லிவிடாதே). சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டி, தோற்று, அழுது, மறுபடி போட்டுக்கொள்ளலாம். இந்த வீட்டில்தான் என்னால் முடியாமல் இருக்க முடிகிறது. அதற்காகத்தான் இத்தனை பாடு.

கூப்பிட மனமில்லையென்றால் கூப்பிட வேண்டாம். வீட்டைக் காலிசெய்துவிட்டு உன்னிடமே வருகிறேன். ஆனால் வந்த பிறகு 'எப்படி இருக்கே' என்று மட்டும் கேட்காதே.

தங்கை


ஏப்ரல் 27

அன்புள்ள தங்கைக்கு,

கூப்பிட்டேன். கிடங்கில் ஆட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன்.

"என்ன சார், என்ன விஷயம்?" என்றார். "என் தங்கச்சியால முடியாது மேடம்" என்றேன். "சொல்லுங்க சார்" என்றார் அந்த அம்மா.

பிறகு சொன்னேன். இடது கையில் எதுவும் நிற்காது. பொத்தான் போட நேரமாகும் என்பதால் எந்த விசேஷத்துக்கும் மற்றவர்களுக்கு முன்பே எழுந்துவிடுவாள். ஒரு மாடி ஏறியதும் பையைத் திறந்து போனைத் தேடுவாள். போன் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கும். அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நான் கீழேயே குனிந்து, செருப்பின் பின்வாரைச் சரிசெய்வதுபோல் நிற்பேன்.

"இதெல்லாம் தெரிஞ்சுமா சார் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்ல அப்படித்தான் மேடம் சொல்லிப் பழக்கம்" என்றேன்.

எழுதிக்கொண்டேன் என்றார். போனை வைத்த பிறகு அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் வந்து கதவைத் தட்டும்வரை எழுந்திருக்கவில்லை. உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது போலத்தான் இன்னும் இருக்கிறது. கோபமிருந்தால் எழுதித் திட்டு.

அண்ணா


மே 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

உதவித்தொகை திரும்ப வந்துவிட்டது. சாயங்கால வேலையை விட்டுவிட்டேன். டாக்டரம்மா என்னைவிட நிம்மதியாக இருக்கிறார். வாடகை குறையவில்லை, அது குறைகிற ஜாதியும் இல்லை. விரலுக்கேற்ற வீக்கம் என்று எப்படியோ ஓடுகிறது. லிஃப்டைப் பார்க்க இரண்டு முறை ஆள் வந்துவிட்டுப் போனான். பார்த்ததோடு சரி.

திட்டுவதற்கு ஒன்றுமில்லை. நீ சொன்னதை அந்த அம்மா எனக்குப் படித்துக் காட்டினார். ஒன்றைக்கூட நீ விட்டுவைக்கவில்லை. கேட்டுவிட்டு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஒரு திருத்தம் மட்டும். நீ போடும் செருப்புக்கு என்றைக்கும் பின்வார் இருந்ததில்லை. மேலிருந்து பார்க்கிறவளுக்கு அது தெரியாதா?

அடுத்த முறை வந்தால் கீழே நிற்காதே. மேலே வந்து பையை வாங்கிக்கொள். கனமாக இருக்கும்.

உன் தங்கை