மூன்றாம் இடம் காலி

மியாகொனோஜோ
அக்டோபர் 9

அன்புள்ள நவோயாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். ஹகோதாதேயில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வாசலில் விழுந்த எரிமலைச் சாம்பலைக் கூட்டி மூட்டையாகத் தூக்கியதில் என் மணிக்கட்டு சுளுக்கிவிட்டது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மிஃபுயு எழுதுகிறாள். நான் திட்டுவதையெல்லாம் அவள் புத்தக நடையில் மாற்றுகிறாள் என்று சந்தேகம், மாற்றினாலும் என் கோபம் குறையாது.

போன வாரம் உன் பள்ளி வில்வித்தை அணித் தோழன் தெட்சுரோ நம் கடைக்கு முடிவெட்டிக்கொள்ள வந்தான். நீ ஏன் மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை, அவன் கடிதங்களுக்கு ஏன் பதில் போடவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பள்ளிக் கடைசிப் போட்டியில் எல்லோருக்கும் மாற்று நாண் எடுத்துவைப்பது உன் பொறுப்பாம். தெட்சுரோவின் நாண் அறுந்தபோது பையில் இருந்தது குட்டை வில்லுக்கான நாண், அவனுடைய நீள வில்லுக்கு எட்டவில்லை, ஒரே ஒரு அம்பில் தோற்றீர்கள். இதற்காகவா டிக்கெட் விலை அதிகம் என்று புத்தாண்டுக்குப் புத்தாண்டு என்னிடம் பொய் சொன்னாய்?

அவனையும் நான் விடவில்லை. "நாண் நைஞ்சிருந்தது காலையிலேயே தெரியும்மா. புது நாண் போட்டா குறி மாறிடும்னு பயந்து மாத்தாம விட்டேன். எல்லாரும் அவனைப் பார்த்தப்ப வாயை மூடிட்டு நின்னேன்" என்றான். அவன் தாடையில் என் சவரக்கத்தி இருந்ததால் அறை வாங்காமல் தப்பித்தான். உன் அப்பாவோ, "பசங்க விஷயம், நீ ஏன்டி நடுவுல போற" என்கிறார். இரண்டு கழுதைகள் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறு யார் போவது?

இன்னொன்றும் கேள். நகரப் போட்டியில் உங்கள் ஐவர் அணியின் மற்ற நால்வரும் வருடாவருடம் உன் பெயரையும் மூன்றாவதாகச் சேர்த்துத்தான் பதிகிறார்கள். நீ வராததால் உன் நான்கு அம்புகளும் தவறியதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நாணால் தோற்றது ஒருமுறை, உன் வெட்கத்தால் தோற்றது மூன்று முறை. வேறு ஆளைப் போடுங்களேன் என்றால், "மூணாவது இடம் அவனோடதும்மா" என்கிறான் தெட்சுரோ.

இந்த வருடப் போட்டி நவம்பர் மூன்றாம் தேதி. மன்னிப்புக் கேட்க வர வேண்டாம், அம்பு விட வா. நன்றாகச் சாப்பிடு, சளி பிடித்தால் மருந்து வாங்கு, உனக்கு எந்தக் குறையும் வராது. தெட்சுரோவுக்கு இன்றே பதில் எழுது.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா
கசுயோ

அண்ணா, இது நானாக எழுதுவது. போன வருடம் நான் போய்ப் பார்த்தேன். இரண்டாமவர் அம்பு விட்டதும், நான்காவதாக நிற்கும் தெட்சுரோ அண்ணன் உடனே வில்லைத் தூக்கவில்லை. நீ வில்லை வளைத்து அம்பு விடுகிற நேரம் முழுக்கக் காத்திருந்தார். தாமதம் என்று நடுவர் கடிந்துகொண்டார். அடுத்த சுற்றிலும் அப்படியே காத்திருந்தார்.

மிஃபுயு