அண்ணையின் நீச்சல் தடாகம்

ஆவணி 6, வெள்ளி

இன்று எங்கள் ஊர் மடத்துவெளியில் என் அண்ணையின் புது வீட்டுக் குடிபுகுதல். கனடாக் காசில் கட்டிய வீடு. முன்னுக்கு ஒரு நீச்சல் தடாகம். இங்கே கிணறெல்லாம் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில்தான் வருகிறது. அந்தப் பவுசரைக் கூடக் காசு கொடுத்து மறித்து, தடாகத்தை நிரப்பிவிட்டார்.

பக்கத்து வீட்டு மலர் அக்கா குடத்தோடு வந்தார்.

"அண்ணை, ஒரு குடம் அள்ளட்டோ? ரெண்டு நாளா எங்கட பக்கம் பவுசர் வரேல்லை."

"அள்ளும். ஆனா குடிக்க ஏலாது. வீடியோவில வடிவாத் தெரிய நீலம் கலந்திருக்கு."

உடுப்புக்குப் போடுகிற நீலம்! நல்ல தண்ணீரில்! மலர் அக்கா வெறுங்குடத்தோடு திரும்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆர் அண்ணை இதில நீந்தப்போறது?" என்று கேட்டேன்.

"நீந்தவோ? அங்க கனடாவில எங்கட சனம் பாக்கவேணும், பிள்ளை."

ஞாயிற்றுக்கிழமை அண்ணை வீட்டார் எல்லாரும் கனடாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். வீட்டுப் பூட்டுத் திறப்பை அண்ணை என் கையில் தந்தார்.

"தண்ணி வத்தாமல் பாத்துக்கொள். கமரா பூட்டியிருக்கு, நான் அங்க இருந்து பாப்பன்."

நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது "ஓம் அண்ணை." வீட்டுக்கு வந்து குசினிக்குள் பார்த்தால், என் குடமும் காலி.