காலுக்கு ஒரு மாடம்

1944 செப்டம்பர் 4, திங்கள்

கக்கூஸ் வேலை முடிந்தது. ஆவடி பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பீங்கான் கம்மோடு. கொத்தனார் துலுக்கானம் கழுவித் துடைத்துவிட்டு, "உக்காந்து பாரு நைனா" என்றார். உட்கார்ந்தேன். வலது கால் எதிர்ச் சுவரில் இடித்தது. சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்ததிலிருந்து மடங்காத கால். நீட்டித்தான் வைக்க வேண்டும். துலுக்கானம் தன் முழங்காலை மடக்கி உட்கார்ந்து இடம் பார்த்திருக்கிறார்.

செப்டம்பர் 5

சாய்ந்து உட்கார்ந்து, காலைப் பக்கத்துக் கதவு வழியே வெளியே விட்டால் முடிகிறது. ஆனால் கதவைச் சாத்த முடியாது. என் மனைவி வடிவு புடவையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நிற்கிறாள். குத்துக்காலிட முடியாமல், ஏரிக்கரைக்குப் போக முடியாமல்தானே இதைக் கட்டியது? இதற்கு, இத்தனை நாள் வடிவு எடுத்துக் கொட்டிய மண்சட்டியே தேவலை.

செப்டம்பர் 9

கம்மோடைத் தள்ளி வைக்க முடியாதாம். அடியில் குழாயோடு சேர்த்துக் கட்டியாயிற்று. "பேத்தா பீங்கான் ஒடஞ்சிப்பூடும் நைனா. அம்பத்தூர் பூரா தேடினாலும் சிமிட்டி கெடைக்காது. அல்லாம் சண்டைக்குப் பூடுது."

அப்படியானால் சுவரைத்தான் இடிக்க வேண்டும். அது என் அண்ணன் மணவாளனுடைய சுவர். அந்தப் பக்கம் அவன் மாட்டுக் கொட்டகை. பாகம் பிரித்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. இதற்கு நான் ஆள் வைத்துக் குழி தோண்டியபோது தெருவில் நின்று, என் காதில் விழும்படி, "சோறு துன்ற ஊட்டாண்டயே கக்கூஸு கட்றான்" என்றவன்.

கேட்க மாட்டேன்.

செப்டம்பர் 14

ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். குறைவாகத் தின்றால் வடிவு திரை பிடிக்கிற வேலையும் குறையும். அவளிடம் பசியில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

வடிவு கண்டுபிடித்துவிட்டாள். "துன்னாம கெடந்து சாவறதுக்கா உன்ன ஆஸ்பத்திரிலேந்து இட்டாந்தேன்?" தட்டை என் முன்னால் வைத்துவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். "போவாதே, வடிவு, வேணாம்னு சொல்றேன்ல" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து துரத்த என்னால் முடியுமா?

திரும்பி வந்தவள், அங்கே என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. கண் சிவந்திருந்தது.

செப்டம்பர் 18

விடிந்ததும் அண்ணன் வந்தான். கையில் கடப்பாரை. துலுக்கானத்தையும் கூட்டி வந்திருந்தான்.

"உக்காரு" என்றான். உட்கார்ந்தேன்.

"கால நீட்டு."

பாதம் இடித்த இடத்தைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு போட்டான். "சொவுரு பூரா இடிச்சா கூரை எறங்கிடும். கால் பூர்ற அளவுக்கு ஓட்டை போடு. என் பக்கம் செங்கல்ல கூண்டு மாறி கட்டிடு. இல்லாங்காட்டி மாடு இவன் கால நக்கும்."

துலுக்கானம் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அண்ணன் போய்விட்டான்.

செப்டம்பர் 21

சுண்ணாம்பு பூசி, காலுக்கு ஒரு மாடம் ஆயிற்று. முழங்கால் வரை உள்ளே போகிறது. இன்று கதவைச் சாத்தினேன். வெளியே யாரும் நிற்கவில்லை. வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 2

அண்ணன் எதிரே வந்தான். இருவரும் அவரவர் வழியில் நடந்தோம். எதில் ஆரம்பிப்பது?

நவம்பர் 11, சனி

விடாத மழை. ஏரிக்கரைப் பாதை முழுகிவிட்டது. அண்ணி வேம்புலியம்மாளுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வேறு. சாயங்காலம் அண்ணன் அவளைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தான். என்னைப் பார்க்காமல் வடிவிடம், "இவள உள்ள இட்டுகினு போம்மா, நிக்க முடியல அதுக்கு" என்றான். வடிவு அவளைக் கைத்தாங்கலாக எங்கள் கக்கூஸுக்குக் கூட்டிப் போனாள்.

அவன் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு மழையிலேயே நின்றான்.

"உள்ள வாண்ணா, நனையாத" என்றேன்.

வந்தான். பாயை அவன் பக்கம் தள்ளினேன். நாற்று என்ன ஆயிற்று என்று கேட்டேன். பாதி முழுகிவிட்டது என்றான். அண்ணி வெளியே வந்து, வடிவு கொடுத்த கஞ்சியைக் குடித்து முடிக்கும் வரை நாற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.