ஏணி வீட்டார்

மார்ச் 3

பல் வைத்தியரிடம் போயிருந்தேன். உள்ளேயிருந்து ஒருத்தி ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. "எந்தச் செவிட்டு ஆளுய்யா அது?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்தேன். நான்தான். வெட்கக்கேடு.

"ஏணி" என்று கூப்பிட்டிருந்தால் பாய்ந்து ஓடியிருப்பேன். அப்பாவும் என்னைப் போல வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். ஒருநாள் மூடியிருந்த கதவில் ஏணியைச் சாத்தி ஏறினார். உள்ளே இருந்தவர் கதவைத் திறந்தார். அவ்வளவுதான் எங்கள் வம்ச வரலாறு. அன்றிலிருந்து ஊர் வாயில் அப்பா ஏணி, அம்மா ஏணியம்மா, நான் சின்ன ஏணி. கல்யாணமான மறுநாளே என் மனைவியும் ஏணி வீட்டுக்காரி.

மகள் மட்டும் ஆகவில்லை. கல்யாணத்தன்று தன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கூட வந்த பிள்ளை. பெயருக்கு முன்னால் பெற்ற அப்பாவின் பெயர் இருக்கிறது. நல்ல மனுஷன், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதில் கைவைக்க நான் யார்?

மார்ச் 6

மகள் பூட்டு, சாவிக் கடை போடுகிறாள்! பலகை எழுதுவது நான்.

"என்ன பேரு எழுதணும்?"

"யோசிக்கிறேன், ஏணியாரே." வந்த நாளிலிருந்து இப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"மெதுவா யோசி. பலகைக்கு ஒண்ணும் அவசரமில்ல."

பலகைக்கு இல்லைதான். எனக்குத்தான் அவசரம்.

மார்ச் 7

மனைவி பிடித்துக்கொண்டாள். "நம்ம வீட்டுப் பேரப் போடச் சொல்லிக் கேளுங்களேன். ஊரையே கிண்டல் பண்ற வாய், இதுக்கு மட்டும் ஏன் பூட்டிக்குது?"

"செத்தவர்கிட்டப் போயி, கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு சொல்லவா?"

 

மார்ச் 9

பலகைக்கு வெள்ளை அடித்தேன். காய்ந்ததும் இன்னொரு தடவை அடித்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 11

மகள் வந்து பலகை முன்னால் நின்றாள். "எழுதுங்க. ஏணி வீட்டுப் பூட்டுக் கடை."

பிரஷ் அந்தரத்தில் நின்றது. எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே — "வேணாம்மா. பூட்டு வாங்க வர்றவன், நீங்களே ராத்திரி ஏணி போட்டு உள்ள எறங்குவீங்களான்னு கேப்பான்."

"கேக்கட்டும். எங்கப்பா பேரு எம்பேரோட இருக்கு, அது எங்கயும் போகாது. இது வீட்டுப் பேரு. நான் எந்த வீட்டுல வளந்தேன்?"

பலகையில் இல்லாத தூசியைத் தட்டினேன்.

"எழுதுறீங்களா, வேற பெயிண்டரப் பாக்கவா?"

எழுதினேன். கண்ணில் பெயிண்ட் பட்டுவிட்டது. மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன்.

மார்ச் 15

கடை திறப்பு. பலகை மாட்ட, கடைக்கதவில் ஏணியைச் சாத்தி ஏறினேன். புதுப் பூட்டு வேலை செய்கிறதா என்று மகள் உள்ளே இருந்து சாவியைத் திருப்பிப் பார்த்தாள். வேலை செய்கிறது. கதவு உள்பக்கமாகத் திறக்கும். பலகைக்குச் சேதம் இல்லை. இதை இடது கையால் எழுதுகிறேன்.