ஒரு விசில் என்றால் தொட்டி

மாமா,

இன்று காலை எங்கள் வீட்டு மாடித் தொட்டி நிறைந்து வழிந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனேன். தண்ணீர் சன்ஷேடில் கொட்டி, கொடியில் காய்ந்திருந்த துணியையெல்லாம் மறுபடி நனைத்து, உங்கள் மதில் வரைக்கும் ஓடிவிட்டது. அதுவரை ஒரு விசில் சத்தம் இல்லை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு நின்றபோது கோபம் உங்கள் மேல்தான் வந்தது. பதினாறு வருஷம் ஒருத்தியை விசிலுக்குப் பழக்கிவிட்டுப் பாதியில் விட்டுப் போனால் அவள் என்னதான் செய்வாள்?

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வாரமே உங்களிடம் மாட்டிக்கொண்டேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன். காது கிழிகிற மாதிரி ஒரு விசில். பதறிப்போய் வெளியே ஓடிவந்தால், மதிலுக்கு அந்தப் பக்கம் காக்கி டிரவுசரும் கையில்லாத பனியனுமாக நீங்கள் நின்றிருந்தீர்கள். "ஏம் அம்மிணி, தொட்டி வழியறது தெரியலையா? கொழிஞ்சாம்பாறையில தண்ணி என்ன வானத்துல இருந்தா வருது?" என்றீர்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. அது அநேகமாக நம் முதல் சண்டை. நான் மனதுக்குள் போட்ட சண்டை.

ஊர் உங்களை மிலிட்டரிக்காரர் என்றது. எழுபத்தொன்றாம் வருஷப் போரில், கிழக்கு எல்லைச் சேற்றில் டெலிபோன் வயர் இழுத்துக்கொண்டு போனவர். இடது காதை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தவர். அத்தை இறந்த பிறகு, பெங்களூரில் இருந்த ஒரே மகன் எத்தனை தடவை கூப்பிட்டும் போகாமல் அந்த வீட்டில் தனியாக இருந்தீர்கள். சண்டை போட எதிரி இல்லாததால் எங்கள் தொட்டியோடு போட்டீர்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார்.

கொஞ்ச நாளில் விசிலுக்குக் கணக்கு வந்தது. ஒரு விசில் என்றால் தொட்டி நிறைந்துவிட்டது. இரண்டு என்றால் பொள்ளாச்சி பஸ் வளைவில் திரும்பிவிட்டது. மூன்று என்றால் பஞ்சாயத்துத் தண்ணீர் லாரி. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி, எங்கள் சமையலறைக் கதவின் உள்பக்கம் நீங்களே பசை தடவி ஒட்டிவிட்டுப் போனீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதிதாகப் பெயின்ட் அடித்த கதவு அது.

அன்றைக்கு எரிச்சலோடுதான் கேட்டேன்: "ஏனுங் மாமா, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எத்தன விசிலுங்க?"

"எனக்கு என்னத்த ஆகப்போகுது? நீ உன்ற மோட்டாரப் பாரு அம்மிணி."

ஒரு சுதந்திர தினத்துக்கு எங்கள் பள்ளியில் பேசக் கூப்பிட்டேன். பிள்ளைகள் துப்பாக்கி, பீரங்கி என்று கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் குழாயைச் சரியாக மூடுவது எப்படி என்று இருபது நிமிஷம் பேசினீர்கள். அதோடு விட்டீர்களா? பள்ளிக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, ஒழுகுகிற இரண்டைத் தலைமையாசிரியருக்குக் காட்டிவிட்டுத்தான் மிட்டாய் வாங்கிக்கொண்டீர்கள். அந்த வாரம் முழுக்க ஆசிரியர் அறையில் என்னால் தலைநிமிர முடியவில்லை.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. பங்குனி, சித்திரையில் கிணறு காய்ந்துபோய், லாரி நான் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரும். சாயங்காலம் வந்தால் என் குடங்கள் நிறைந்து, மூடி வைத்து, வாசலில் வரிசையாக நிற்கும். நன்றி சொன்னால், "ஒரு கொடம் ஓட்ட. மாத்து" என்பீர்கள். உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும் மாமா. அதைச் சொல்ல நீங்கள் ஒரு நாளும் இடம் கொடுத்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான்.

காலை ஒன்பது மணி இருக்கும். மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தொட்டி நிறைய அரை மணி நேரம் வேண்டும். நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு விசில் கேட்டது. வழக்கத்தைவிடச் சத்தம் குறைவு. அதைக்கூடக் கவனித்தேன். இந்த மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜன்னல் பக்கம் திரும்பி, "நிறுத்தீட்டனுங்க மாமா" என்று கத்தினேன். நிறுத்தவில்லை. எழுந்திருக்கவே இல்லை.

பேப்பர் கட்டில் பாதி முடிந்தபோது சன்ஷேடில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். நிஜமாகவே தொட்டி வழிந்தது. சிவப்புப் பேனாவைப் பிடித்தபடி உங்கள் விசிலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பேப்பர் கட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தீர்கள். விசில் கைக்குள் இருந்தது. ஒரு பக்கம் வாய் கோணியிருந்தது.

என் வீட்டுக்காரர் ஜீப் பிடித்து வந்தார். என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த நீங்கள் குழறிக் குழறிக் கேட்ட ஒரே வார்த்தை, "மோட்டாரு?" எனக்கு அழுவதா, உங்களை உலுக்குவதா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர்கள். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகனிடம் நீங்கள் சொன்னது எனக்கு வராந்தாவில் வந்து சேர்ந்தது: "ஊதுனதும் ஓடியாந்துட்டா." உங்கள் மகனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்; அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் செவிட்டுக் காதுக்கு என் பொய் எட்டியிருக்காது, நான் உடனே வந்ததாகத்தான் நினைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதை வைத்துத்தான் ஒரு வருஷத்தை ஓட்டினேன். தம்பி போனில் நன்றி சொல்லும்போதெல்லாம் அன்று எனக்குச் சோறு இறங்காது.

போன வாரம் உங்கள் வருஷ திதி. பந்தியில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால் தம்பி மறுபடி ஆரம்பித்தான், இந்த அக்கா விசில் கேட்டதும் ஓடிவந்தவங்க என்று. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவனைக் கிணற்றுப் பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்திருக்காததை, பொய்யாகக் கத்தினதை, பாதிக் கட்டுப் பேப்பரை.

அவன் கீழே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "தெரியுமுங்க அக்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"அப்பா அன்னிக்கே சொல்லீட்டாருங்க. 'நிறுத்தீட்டேன்னு சத்தம் போட்டா. மோட்டாரு ஓடற சத்தம் கேட்டுட்டேதான் கெடந்தேன். அவ மேல தப்பில்ல. அதுக்குன்னு ஒரு விசில் வெக்காம உட்டதுதான் என்ற தப்பு'ன்னாருங்க."

"அப்பறம் ஏந்தம்பி ஊரெல்லாம் நான் ஓடியாந்தேன்னு சொல்றே?"

"அப்படித்தான் சொல்லோணும்னு சொல்லீட்டுப் போயிட்டாருங்க. அப்பா சொன்னா ஆர்டருங்க."

இதற்கு நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள். வாய் கோணிக் கிடந்தபோதும் ஆளுக்கு ஒரு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். அன்றைக்கு நான் கேட்டபோதே நாலு விசில் என்று ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும். கதவில் இடம் கூட இருந்தது. திட்டவாவது திட்டியிருக்கலாம். என்னைக் கேட்காமல் கதவில் பசை தடவியதைப் போலவே, என்னைக் கேட்காமல் மன்னித்தும் விட்டீர்கள். இதை எந்த வேலைக்காரனை வைத்துச் சுரண்டி எடுப்பது?

தம்பி போகும்போது விசிலை என்னிடம் கொடுத்தான். அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். பஸ் கண்டக்டர் ஊதினால்கூட, எங்கே இருந்தாலும் எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். பள்ளியில் இதற்காகச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இன்று காலை, பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனேன். சுவிட்சை அணைத்தேன். மோட்டார் சத்தம் அடங்குகிற வரை நின்று கேட்டேன். பிறகு மதிலுக்குப் பக்கத்தில் வந்து, உங்கள் நல்ல காது இருந்த பக்கமாகப் பார்த்து, தெருவில் யார் கேட்டாலும் பரவாயில்லை என்று உரக்கவே சொன்னேன்:

"நிறுத்தீட்டனுங்க மாமா."

இந்தத் தடவை நிஜமாகவே நிறுத்திவிட்டுத்தான் சொன்னேன்.