ஏறுகிற கயிறு

ஜூன் 5, வியாழன்

மேகமூட்டம். காற்று அதிகம். தொழிற்பேட்டை கம்பெனியில் வேலை தொடங்கியாயிற்று. பெரிய தூங்குமூஞ்சி மரம், ஸ்டாஃப் பஸ் நிற்கும் ஷெட்டுக்கு மேல் கை நீட்டிக்கொண்டு. மழை வலுக்குமுன் ஷெட் பக்கக் கிளைகளைக் குறைக்க வேண்டும். மரத்தைச் சாய்க்கிற வேலை இல்லை, இளைக்க வைக்கிற வேலை.

கீழே கயிறு பிடிக்க என் மச்சினன் சேட்டு. ராணி கெஞ்சித்தான் அவள் தம்பியைச் சேர்த்தேன். பழுதில்லை. மேலிருந்து நான் கை காட்டினால் போதும், புரிந்துகொள்கிறான். ராணியிடம் இதைச் சொல்லக் கூடாது, தலையில் ஏறிக்கொள்வாள்.

தோட்ட சூப்பர்வைசர்: "வெட்டின எடத்துல தார் பூசிடுங்க, நீட்டா இருக்கும்."

பூச மாட்டேன் என்றேன். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மரம் அழுகும். கிளை அடியில் தடித்திருக்கிற வளையத்தை விட்டு வெட்டினால் அதுவே மூடிக்கொள்ளும். முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

பெரிய கிளைக்கு எப்போதும் மூன்று வெட்டு. முதலில் அடியில் கொஞ்சம், பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுசாக, கிளை பட்டையை உரிக்காமல் போய்விடும். கடைசியில்தான் மிச்சக் குச்சி. இன்று ஒரு கிளையில் அவசரப்பட்டு அடி வெட்டைச் சின்னதாகப் போட்டேன், பட்டை கிழிந்தது. எனக்கே எரிச்சல்.

ஜூன் 7, சனி

வெயிலும் தூறலும் மாறி மாறி. மதியம் வரை வேலை. ரம்பச் சங்கிலி மழுங்கல்; தூளாகக் கொட்டியது, செதிலாகக் கொட்ட வேண்டும். அரம் போட்டேன். எல்லாப் பல்லுக்கும் ஒரே சாய்வு, ஒரே எண்ணிக்கை, இல்லாவிட்டால் ரம்பம் ஒரு பக்கமாக இழுக்கும்.

சாமான் மூட்டை வழக்கம்போல் சேட்டு வீட்டில். வண்டி அவனுடையது. ஏறுகிற கயிறு தனிப் பையில், கிளை இறக்குகிற கயிறு தனிப் பையில். ஒன்றின் வேலையை மற்றது செய்யக் கூடாது. சேட்டுவுக்கு முதல் நாளே சொன்னது. வெடுக்கென்று பாரம் தாங்கின கயிறு வெளியே பார்க்க ராஜா மாதிரி இருக்கும், உள்ளே நரம்பு போயிருக்கும்.

வரும் வழியில் மீன். ராணி குழம்பு வைத்தாள். புளி அதிகம்.

ஜூன் 8, ஞாயிறு

நல்ல மழை. எங்கும் போகவில்லை.

மாலை சேட்டு வந்தான், ஒரு கூடை பெங்களூரா மாங்காயோடு. நல்ல முற்றல்.

"ஏதுடா இவ்ளோ?"

"ஃபிரெண்டு ஒருத்தன் குடுத்தான் மாமா. மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு அடிக்கிறான்."

பிள்ளைகள் உப்பு மிளகாய் தொட்டுத் தின்று தீர்த்தார்கள். நானும்தான். சேட்டு ஒரு துண்டுகூட எடுக்கவில்லை, பல் கூச்சமாம்.

ஜூன் 9, திங்கள்

தெளிந்த வானம், காற்று குறைவு. மரம் காய்ந்திருந்தது, ஏறலாம்.

கயிற்றை விரலால் உருவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். இன்று பையைத் திறப்பதற்குள் சேட்டு கயிற்றைச் சுருள் பிரித்து நீட்டினான். "நானே ஃபுல்லா பாத்துட்டேன் மாமா, க்ளீனா இருக்குது." சந்தோஷமாக இருந்தது. பையன் வேலையைக் கற்றுக்கொள்கிறான் என்று நினைத்தேன். பாதிக் கயிறு உருவினதோடு நிறுத்திக்கொண்டு ஏறிவிட்டேன்.

உச்சியில் நிறைய வேலை. ரம்பம் ஓடும்போது கயிறும் இடுப்புப் பட்டையும், இரண்டும் மாட்டினேன். ஒற்றைக் கையால் வெட்டவில்லை. (ஆசை வந்தது.)

நடுவில் கீழிருந்து சேட்டு: "மாமா, முடிச்சு டைட்டா இருக்குதா?" ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

வெயில்.

இறங்கும்போது, கயிற்றில் வழுக்கி வர வேண்டிய முடிச்சு ஓரிடத்தில் நின்றுவிட்டது. நகரவில்லை. இடுப்புப் பட்டையை அடிமரத்தில் சுற்றி மாட்டி, பாரத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சாண் நீளம். தட்டையாக, குச்சிபோல் விறைப்பாக. அதற்கு இரு பக்கமும் பஞ்சு மாதிரி மெத்தென்று. மறுமுனை நன்றாக இருந்தது. அதற்கு மாறி, மெதுவாக இறங்கினேன்.

கீழே, சேட்டு கிளை இழுக்கப் போன நேரத்தில் பிரித்துப் பார்த்தால், பின்னலுக்குள் செம்மண். இந்தக் கம்பெனி முழுக்க சிமெண்டுத் தரை. செம்மண் எங்கிருந்து வந்தது?

"கயித்த எதாச்சும் பண்ணினியாடா?"

"இல்ல மாமா. கிளையில உரசியிருக்கும்."

கிளையில் உரசினால் நூல் பிசிறும், தட்டையாகாது. வேலையை நிறுத்திவிட்டு, கயிற்றை நானே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெங்களூர்க் கடைக்குப் புதுசு சொல்லியாயிற்று.

ஜூன் 11, புதன்

காலையில் தொரப்பள்ளி போகிற வழியில் டீ குடிக்க நிறுத்தினேன். மாம்பழ பிக்கப் ஓட்டுகிற முனிராஜ் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். தெலுங்கு வீட்டுப் பிள்ளை, சேட்டுவோடு படித்தவன்.

"சாலா தேங்க்ஸ்ணா. சனிக்கெழம உங்க ரோப்பு இல்லன்னா என் வண்டி இன்னும் பள்ளத்துலதான் கெடக்கும். ஃபுல் லோடு. டிராக்டர் வெச்சி இஸ்தோம், மொத ஜெர்க்குல டம்முனு சத்தம், அறுந்துச்சுன்னே நெனச்சேன். அறுகல! நீங்களே எடுத்துக்கச் சொன்னீங்கன்னு சேட்டு சொன்னான். மாங்கா நல்லா இருந்துதா?"

நல்லா இருந்தது என்றேன். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை இழுத்திருக்கிறான். திங்கள் நான் ஏறினேன். செவ்வாயும் ஏறினேன். அவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாங்காயை என் பிள்ளைகள் தின்றார்கள்.

சேட்டு வீட்டுக்கே போனேன். மறுக்கவில்லை.

"ஆமா மாமா, இஸ்தோம். எறக்குற கயிறு நனைஞ்சி கெடந்துச்சி. ஏறுற கயிறு யானையே தாங்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னேன். கடைக்காரன் பீற்றியதை நானும் பீற்றினேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"கயித்துக்குத்தான் ஒண்ணும் ஆகலியே. நான் நல்லாப் பாத்தேன் மாமா. எனக்கு எதுவும் தெரியல."

அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். நம்பலாமா? அந்தத் தட்டை விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. புதுக் கை அதை விட்டுவிடலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. வண்டி இழுத்தது முட்டாள்தனம். திட்டிவிட்டு மறந்துவிடுவேன். தெரிந்தே என்னை ஏறவிட்டானா என்பதுதான் கேள்வி.

ஜூன் 12, வியாழன்

தூறல். வேலை இல்லை. ஹெல்மெட் பட்டை மாற்றினேன், ரம்பத்துக்கு எண்ணெய்.

ராணிக்கு விஷயம் போய்விட்டது. "சின்னப் பையனாட்டம் பண்ணிட்டான். என் தம்பிதான, விட்டுடுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலல்ல?"

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் யாருக்கும் இது பெரிதாகத் தெரியவில்லை. கோபத்தில் சாப்பிடாமல் எழுந்தேன், பிறகு பசித்தது, நானே போட்டுத் தின்றேன்.

ஜூன் 13, வெள்ளி

காற்று இல்லை. ஏறுவதற்கு அருமையான நாள்.

புதுக் கயிறு காலை பஸ் பார்சலில் வந்துவிட்டது. சேட்டுவும் வண்டியோடு வந்தான், ஒன்றும் நடக்காதது போல. மரத்தடியில் தார்பாய் விரித்துப் பழைய கயிற்றை மட்டும் வைத்தேன்.

"கயித்துக்கு ஒண்ணும் ஆகலன்னியே. இன்னிக்கி நீ ஏறு. கீழ் கிளைதான், நீ ஏறினதுதான். நான் கீழ நிக்கறேன்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இடுப்பு வாரை எடுத்து அதன் தொடைப் பட்டையில் ஒரு கால் நுழைத்தான். பிறகு கயிற்றைக் கையில் எடுத்தான். முனையிலிருந்து உருவவில்லை, தேடவில்லை. அந்தச் சுருள்களுக்குள் நேராக அந்த ஒரு சாண் இடத்துக்குப் போய் அவன் கட்டைவிரல் நின்றது. செவ்வாய்க்கிழமை நான் அதை அவனிடம் தொட்டுக் காட்டவில்லை. எந்த இடம் என்று சொல்லவும் இல்லை.

காலை வாரிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டான்.

"வேணாம் மாமா."

கத்தியை எடுத்துக் கயிற்றை முழத்துக்கு முழம் அறுத்தேன், இனி யாரும் எதற்கும் எடுக்க முடியாதபடி. சேட்டு நின்று பார்த்தான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் கூப்பிடவில்லை.

அவன் ஏறப் போயிருந்தால் காலைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். அவனைக் கட்டிப்பிடித்திருப்பேன். ஒன்றும் தெரியாதவனாக அவன் ஏற வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.